எதிரியின் பெயரைச் சரியாக எழுதுவது

1945 செப்டம்பர் கடைசியில், சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்து, போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் கொண்டு ஜப்பானிய ராணுவம் காட்டுக்குள் போட்ட ரயில்பாதையில் ஒரு சிறு குழு கிளம்பியது. ஜப்பான் சரணடைந்து ஒரு மாதம் சற்றே கடந்திருந்தது. குழுவில் பலர் போர்க்கைதிகளாக இருந்து அப்போதுதான் விடுபட்டவர்கள். வீடு திரும்பும் கப்பலைத் தள்ளிப்போட்டுவிட்டு, செத்துப்போன தோழர்கள் எங்கெங்கே புதைக்கப்பட்டார்கள் என்று தேடி, எண்ணி, வரைபடத்தில் குறிக்கும் வேலையை ஏற்றிருந்தார்கள். மொழிபெயர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. வந்தவர் நாகாசே தகாஷி. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஜப்பானிய ராணுவப் போலீசுக்கு, அதாவது கெம்பெய்தாய்க்கு, மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கைதிகளைச் சித்திரவதை செய்து விசாரித்த அறையில் உட்கார்ந்து, கேள்வியையும் அலறலையும் மொழிபெயர்த்தவர்.

சுமார் மூன்று வாரத்தில் அந்தக் குழு 144 இடுகாடுகளையும் 10,000க்கு மேற்பட்ட கல்லறைகளையும் கண்டுபிடித்தது. அந்த மூன்று வாரம்தான் தன் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது என்று நாகாசே பிற்காலத்தில் சொல்லிவந்தார். 2011இல் இறப்பதற்குள் நூறு தடவைக்கு மேல் தாய்லாந்து போய்வந்தார். 1976இல் பழைய கைதிகளையும் பழைய ஜப்பானியச் சிப்பாய்களையும் குவாய் நதிப் பாலத்தருகே சந்திக்கவைத்தார். 1986இல் அங்கே ஒரு பௌத்த ஆலயம் கட்டினார்.

போர்க்களம் கண்டவர்கள் எதிரிமேல் மரியாதை கொள்வது எப்படி என்ற கேள்விக்கு, பண்பாட்டைப் புரிந்துகொண்டால் மரியாதை தானே வரும் என்று பதில் சொல்வது வழக்கம். நடந்தவற்றைப் பார்த்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது. நாகாசே ஆங்கிலம் கற்றவர். கைதிகளின் மொழியும் மதமும் பழக்கவழக்கமும் அவருக்கு முன்பே தெரியும். அந்த அறிவு விசாரணை அறைக்குத்தான் பயன்பட்டது. அவரை மாற்றியது, ஒவ்வொரு குழியருகிலும் நின்று ஒரு பெயரைச் சரிபார்த்த வேலை. செத்தவனின் பெயரைச் சரியாக எழுதுவதில்தான் மரியாதை தொடங்குகிறது. அதற்கென்று முறையும் கருவியும் சட்டமும் இருக்கின்றன. எங்கே, ஏன் அவை தவறுகின்றன என்று பார்த்தால் போருக்குப் பிந்தைய உறவுகளின் பாதிக் கதை விளங்கிவிடும்.

ஒரு வில்லையில் தொடங்கும் வேலை

சிப்பாய் கழுத்தில் மாட்டும் அடையாள வில்லை சின்னப் பொருள். பிரிட்டிஷ் ராணுவம் 1907இல் அலுமினியத்தில் ஒற்றை வில்லை கொடுத்தது. 1914இல் சிவப்பு நார்ப்பலகைக்கு மாறியது. ஒருவர் இறந்தால், அலுவலகத்துக்கு ஆதாரம் வேண்டும் என்று தோழர்கள் வில்லையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். காகிதத்தில் சாவு பதிவானது. உடலோ பெயரற்றதாயிற்று. அவசரத்தில் புதைத்த இடம் மறுபடி குண்டுவீச்சில் கிளறப்பட்டபோது, யார் யாரென்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இந்தத் தவறு புரிய இரண்டு ஆண்டு ஆனது. 1916 செப்டம்பரில்தான் இரட்டை வில்லை வந்தது: எண்கோண வடிவப் பச்சை வில்லை உடலோடு இருக்கவேண்டும், வட்டமான சிவப்பு வில்லையைக் கழற்றி அனுப்பவேண்டும். அதிலும் ஒரு குறை. நார்ப்பலகை ஈர மண்ணில் மக்கிவிடும். பச்சை வில்லையோடு புதைக்கப்பட்ட எத்தனையோ பேர் இன்று எலும்பும் பொத்தானுமாகத்தான் கிடைக்கிறார்கள்.

ஜப்பானியச் சிப்பாயின் பித்தளை வில்லை மண்ணைத் தாங்கும். ஆனால் சாதாரணச் சிப்பாயின் வில்லையில் பெயர் இல்லை. படைப்பிரிவின் குறியும் வரிசை எண்ணும் மட்டும்தான். எண்ணைப் பெயராக்க வேண்டுமானால் அந்தப் பிரிவின் பதிவேடு வேண்டும். 1945 ஆகஸ்டில் சரணடையும் வேளையில் ஜப்பானிய ராணுவம் ஏராளமான ஆவணங்களை எரித்தது. அதனால் பல தீவுகளில் வில்லை கிடைத்தும் பெயர் கிடைக்கவில்லை. வெளிநாடுகளிலும் ஓகினாவா, இவோ ஜிமா போன்ற தீவுகளிலும் இறந்த சுமார் 24 லட்சம் ஜப்பானியரில் ஏறக்குறைய 11 லட்சம் பேரின் எச்சங்கள் இன்னும் வீடு சேரவில்லை. கடலில் மூழ்கியவர்களும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

1949 ஜெனீவா உடன்படிக்கைகளில் முதலாவது, தன் 15, 16, 17ஆம் பிரிவுகளில் இந்த வேலையை விவரமாக வகுக்கிறது. மோதல் முடிந்ததும் இறந்தவர்களைத் தேடவேண்டும், உடலில் இருப்பதைக் கொள்ளையடிக்க விடக்கூடாது. எந்த நாட்டவர், படை எண், குடும்பப்பெயர், இயற்பெயர், பிறந்த தேதி, இறந்த இடமும் நாளும், சாவுக்குக் காரணம் ஆகியவற்றைப் பதியவேண்டும். இரட்டை வில்லையானால் ஒரு பாதி உடலோடு, மறு பாதி எதிரி நாட்டுக்கு. ஒற்றை வில்லையானால் அது உடலிலேயே இருக்கவேண்டும். உயில், பணம், குடும்பத்துக்கு அருமையான பொருள்கள் எல்லாம் முத்திரையிட்ட பொட்டலத்தில் போய்ச்சேரவேண்டும். இயன்றவரை தனித்தனிக் குழி. எரிப்பது சுகாதார நெருக்கடியிலோ, இறந்தவரின் மதம் கேட்டாலோ மட்டும். அவருடைய மதச் சடங்கு முடிந்தால் செய்யவேண்டும். கல்லறைகளை அடையாளமிட்டு, மதித்து, பராமரிக்கவேண்டும். 1977இல் சேர்ந்த முதல் கூடுதல் நெறிமுறையின் 32ஆம் பிரிவு இன்னொரு படி போகிறது: உறவினரின் கதி என்ன என்று அறியக் குடும்பங்களுக்கு உள்ள உரிமைதான் இந்த வேலைக்கெல்லாம் அடிப்படை என்கிறது.

கல்லறையை மதிக்கும் விதி நாடுகளுக்கிடையிலான போருக்கு மட்டும் உரியதல்ல. சர்வதேச வழக்காற்றுச் சட்டத்தின்படி உள்நாட்டுப் போருக்கும் அது பொருந்தும் என்று செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு விளக்குகிறது. தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் கோப்பாய் நினைவுக்கு வராமல் இருக்காது. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் மாவீரர் துயிலும் இல்லம் தரைமட்டமாக்கப்பட்டு, அதே நிலத்தில் 2011இல் இலங்கை ராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. கல்லில் இருந்த பெயர்களை அகற்றினால் நினைவு போய்விடும் என்று நினைப்பவர்கள், தாய்மாரின் நினைவு கல்லில் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஒன்பது மணி நேரம்

பிணங்களை அடக்கம் செய்ய எதிரிகள் நேருக்குநேர் ஏற்பாடு செய்துகொண்டதற்கு மிகத் துலக்கமான எடுத்துக்காட்டு துருக்கியின் கலிபோலி. 1915 மே 19 அன்று ஓட்டோமான் (துருக்கிய) படை அன்சாக் எனப்படும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையின் அரண்களைத் தாக்கியது. தாக்கியவர் சுமார் 42,000 பேர். இறந்தவர் ஏறக்குறைய 3,000. உடல்கள் இரு அரணுக்கும் நடுவே வெயிலில் கிடந்தன. மே 24 அன்று காலை 7:30 முதல் மாலை 4:30 வரை போர்நிறுத்தம் ஏற்பாடாயிற்று. நடுவில் கொடி நட்டு ஒரு கோடு. அவரவர் பாதியில் அவரவர் ஆட்கள். கீழே கிடந்த எதிரியின் துப்பாக்கியை, போல்ட்டைக் கழற்றிவிட்டு, உரியவர் பக்கமே கொடுக்கவேண்டும். அரணை எட்டிப் பார்ப்பதோ புதிய குழி தோண்டுவதோ கூடாது. ஒருவரையொருவர் ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயத்தை ஒப்புக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி வகுத்த விதிகள் இவை. நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால் முதல் மணி நேரத்திலேயே துப்பாக்கி வெடித்திருக்கும். அன்று சிகரெட்டும் ஓரிரு சொல்லும் கைமாறின. அந்நாள் தொட்டு ஆஸ்திரேலியச் சிப்பாய்களின் எழுத்தில் துருக்கியரைப் பற்றிய தொனி மாறியது.

அந்த நட்பின் அடையாளமாக 1985இல் கலிபோலியின் அரிபுர்னுவில் ஒரு கல் நிறுவப்பட்டது. எதிரியின் பிள்ளைகளும் எங்கள் மண்ணில் எங்கள் பிள்ளைகளே என்ற பொருளில், துருக்கியின் முதல் அதிபர் அத்தாத்துர்க் 1934இல் சொன்னதாக அதில் ஒரு வாசகம். அவர் அப்படிச் சொன்னதற்கு அந்தக் காலத்து ஆதாரம் எதையும் ஆய்வாளர்கள் காணவில்லை. வாசகம் அழகானது, எத்தனையோ பேருக்கு ஆறுதல் தந்தது. ஆனாலும் மரியாதைக்காகப் பொய்யான மேற்கோள் தேவையில்லை. அந்த ஒன்பது மணி நேரம் உண்மையில் நடந்தது, அதுவே போதுமான சான்று.

பண்பாட்டைக் காரணம் காட்டி மறுத்தது

முதல் உலகப்போரின் மேற்கு முனையில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக 1914 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரைட்டனில் ராயல் பெவிலியன் அரண்மனை மருத்துவமனையாக மாற்றப்பட்டது. மதத்துக்கும் சாதிக்கும் ஏற்ப ஒன்பது சமையலறைகள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள். இறந்த முஸ்லிம்கள் வோக்கிங் மசூதிக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்கள். இந்துக்களும் சீக்கியர்களுமான 53 பேர் பேச்சம் குன்றில் தகனம் செய்யப்பட்டார்கள். அந்த இடத்தில் 1921 பிப்ரவரி 1 அன்று சத்ரி என்ற வெண்பளிங்கு மண்டபம் திறக்கப்பட்டது. பண்பாட்டைப் புரிந்துகொண்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று தோன்றும். ஆனால் அந்த 53 பேரின் பெயர்களும் அந்தக் குன்றில் கல்லில் ஏறியது 2010இல்தான். சடங்கு சரியாக நடந்தது. பெயருக்குத் தொண்ணூறு ஆண்டு பிடித்தது.

1917இல் தொடங்கப்பட்ட பேரரசுப் போர்க்கல்லறை ஆணையத்தின் (இன்று காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம்) அடிப்படைக் கொள்கை சமத்துவம்: பதவி, இனம், மதம் பாராமல் ஒவ்வொருவருக்கும் பெயர். நாகாலாந்தின் கொகிமாவில் அது நடந்திருப்பதைக் காணலாம். அங்கே 1,420 கல்லறைகளுக்கு மேலே, குன்றின் உயரமான பகுதியில், எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கான நினைவுச் சின்னம் நிற்கிறது. ஆனால் ஆணையமே அமைத்த குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை இன்னொரு பக்கத்தைக் காட்டியது. முதல் உலகப்போரில் இறந்த 45,000 முதல் 54,000 பேர்வரை, பெரும்பாலும் இந்தியரும் கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும் சோமாலியரும், மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் சொல்லியோ அல்லது எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை. நைரோபி, மொம்பாசா, தாருஸ்ஸலாம் நகரங்களில் பெயர்களுக்குப் பதிலாகச் சிலைகள் வைக்கப்பட்டன.

ஏன் இப்படி? பதிவேடு கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் காலனிய அதிகாரிகளின் கடிதங்கள் சொல்கின்றன: இந்த மக்களுக்குத் தனிக் கல்லறை என்ற வழக்கமே இல்லை, தலைக்கல்லின் அருமை அவர்களுக்குப் புரியாது. அவர்கள் பண்பாடு எங்களுக்குத் தெரியும் என்ற தோரணையிலேயே பெயரை மறுத்தார்கள். இதனால்தான் மரியாதைக்கு முன்னால் புரிதலை வைப்பது ஆபத்து. மரியாதை இல்லாத இடத்தில் பண்பாட்டு அறிவு சாக்குப்போக்காக மாறிவிடும். ஒருவரின் வழக்கத்தைக் கேட்டறிவது எப்படி நினைவுகூர்வது என்று முடிவுசெய்வதற்கு மட்டுமே; நினைவுகூர வேண்டுமா என்பது கேள்வியாகவே இருக்கக்கூடாது.

பெட்டியில் இருந்த கொடி

பசிபிக் தீவுகளில் சண்டையிட்ட அமெரிக்கர்கள் வீட்டுப் பரண்களில் ஜப்பானியக் கொடிகள் நிறைய இருந்தன, இன்னும் இருக்கின்றன. யோசெகாகி ஹினோமாரு என்பது அவற்றின் பெயர். போருக்குப் போகும் இளைஞனுக்காக உறவினரும் ஊராரும் பள்ளித் தோழரும் சூரிய வட்டத்தைச் சுற்றி மையால் பெயர் எழுதிக் கொடுத்த கொடி. மேலே பெரும்பாலும் “நீடித்த போர் நல்லூழ்” என்று பொருள்படும் நான்கு எழுத்துகள். இளைஞன் அதை மடித்து உடலோடு வைத்திருப்பான். எதிரிக்கு அது போர்க்கொடி. குடும்பத்துக்கு ஊர்முழுதும் கையெழுத்திட்ட கடிதம். பல குடும்பங்களுக்கு ராணுவம் அனுப்பிய வெள்ளைப் பெட்டியில் எலும்பு இல்லை. ஒரு கல்லோ, பெயர் எழுதிய சீட்டோதான் இருந்தது. எனவே அந்தக் கொடி வந்தால் அதுவே உடல்.

திருப்பிக் கொடுக்கும் வேலையில் அமெரிக்காவின் ஓரிகனில் இயங்கும் ஓபோன் சொசைட்டி பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறது. 2017 ஆகஸ்டில், சைப்பானில் எடுத்த கொடியை 93 வயது அமெரிக்க மரைன் ஒருவர் கிஃபு மாவட்டத்து மலைக்கிராமத்துக்கு நேரில் கொண்டுபோய், உரியவரின் தம்பி தங்கையர் கையில் கொடுத்தார். அந்தக் குடும்பம் கேட்ட முதல் கேள்விகள் எங்கே, எப்படி இறந்தார் என்பவைதான். கொடியை எடுத்தவர் மட்டுமே சொல்லக்கூடிய பதில் அது. கொடி நூறாண்டு தாங்கலாம். எடுத்தவரின் நினைவு தாங்காது. அதனால் இத்தகைய பொருள் வைத்திருப்பவர் முதலில் செய்யவேண்டியது, எந்தத் தீவில், எந்த மாதத்தில், எந்தப் பிரிவில் இருந்தபோது கிடைத்தது என்று எழுதிவைப்பது. வெட்கமானதாக இருந்தாலும் உள்ளபடி எழுதவேண்டும். நல்ல எண்ணத்தில் கதையை மெருகேற்றுவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் இரண்டாவது கெடுதல்.

கொடியைத் துவைக்கக்கூடாது, இஸ்திரி போடக்கூடாது. பட்டில் எழுதிய மை நீர் பட்டதும் பரவும். கறை என்று தோன்றுவது அவருடைய இரத்தமாக இருக்கலாம், அதைப் போக்கும் உரிமை குடும்பத்துக்கே உண்டு. சட்டமிட்டு வெயில்படும் சுவரில் மாட்டினால் எழுத்து மங்கும். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அமிலமற்ற தாளுக்கிடையே, மடிக்காமல் சுருட்டி வைப்பது நல்லது. படம் எடுக்கும்போது முழுக்கொடியும் ஒன்று, பிறகு பகுதி பகுதியாக நெருக்கத்தில், நேரான வெளிச்சத்தில். மூலைகளை விடக்கூடாது, கோவில் முத்திரையும் ஊர்ப்பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தேடலில் சிக்கல் அந்த எழுத்துகளிலேயே தொடங்கும். ஒரே எழுத்துச் சேர்க்கையைப் பல விதமாக உச்சரிக்கலாம். தூரிகை எழுத்து இன்றைய இளைஞருக்கே எளிதில் வாசிக்க வராது. உரியவரின் முழுப்பெயர் எழுதப்பட்டிருந்தாலும் அதே பெயரில் இறந்த பலர் இருப்பார்கள். அப்போது சுற்றிலும் எழுதிய அயலார் பெயர்கள் உதவும்: அபூர்வமான குடும்பப்பெயர் ஒன்று எந்தப் பகுதிக்குரியது என்று தெரிந்தால் வட்டாரம் சுருங்கும். ஊர்ப்பெயர் இருந்தாலும் அந்த ஊர் இன்று இல்லாமல் இருக்கலாம். 1999இல் 3,232 ஆக இருந்த ஜப்பானிய நகராட்சி, ஊராட்சிகள் இணைப்புகளால் 2010இல் 1,727 ஆகக் குறைந்தன. வாங்கிக்கொள்ள மறுக்கும் குடும்பங்களும் உண்டு. அதை நன்றியின்மையாக எடுத்துக்கொள்ளக்கூடாது. எழுபது ஆண்டு மூடிவைத்த கதவை எப்போது திறப்பது என்று முடிவுசெய்வது அவர்கள்தான்.

இன்னும் தெரியாத பெயர்

வியட்நாமின் தியாகிகள் மயானங்களில் ஆயிரக்கணக்கான கற்களில் ஒரே வாசகம் இருக்கிறது: பெயர் இன்னும் தெரியாத தியாகி. “தெரியாத” என்று மட்டும் சொல்லாமல் “இன்னும்” என்று சேர்த்திருப்பதைக் கவனிக்கவேண்டும். வீட்டைவிட்டு வெகுதூரத்தில், சடங்கின்றி இறந்தவர் ஆவி அலைந்துகொண்டிருக்கும் என்பது அங்கே உயிரோடிருக்கும் நம்பிக்கை. எனவே தேடல் அவர்களுக்கு வரலாற்று ஆர்வம் அல்ல, முடிக்காமல் கிடக்கும் குடும்பக் கடமை. சுமார் 2,00,000 வியட்நாமிய வீரர்களின் எச்சங்கள் இன்னும் கிடைக்கவில்லை. மயானத்தில் இருக்கும் இன்னும் ஏறக்குறைய 3,00,000 பேர் யாரென்று தெரியவில்லை. அமெரிக்கத் தரப்பில் காணாமற்போனோர் எண்ணிக்கை 1973இல் 2,646.

இரண்டு தரப்பும் சேர்ந்து நடத்திய முதல் அகழ்வு 1985 நவம்பரில், ஹனோய்க்கு அருகே அமெரிக்க பி-52 குண்டுவீச்சு விமானம் விழுந்த இடத்தில். அரசுறவு சீரானது 1995இல்தான். தூதரகம் வருமுன்பே மண்வெட்டி வந்துவிட்டது. விழுந்த இடத்தைக் கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மண்ணை வாளியில் அள்ளி, கால் அங்குலக் கண்ணுள்ள வலையில் சலிப்பார்கள். அக்கம்பக்கத்துக் கிராமத்தார்தான் வாளி கைமாற்றுபவர்கள். தோண்டுமுன் ஊதுபத்தி கொளுத்திப் படையலிடுவது வழக்கம். அமில மண் எலும்பைக் கரைத்துவிடும். பல நேரம் பல் ஒன்றுதான் மிஞ்சும். மழைக்காலத்தில் வேலை நடக்காது. வெடிக்காத குண்டைச் சரிபார்க்காமல் ஒரு கட்டத்தையும் தொடமுடியாது.

வியட்நாமியர் கல்லறைகளைக் கண்டுபிடிக்கத் தகவல் எதிரியிடம்தான் இருக்கிறது. தாக்குதல் முடிந்த காலையில் முகாமைச் சுற்றிக் கிடந்த உடல்களை ஒரே குழியில் போட்டு மூடியவர்கள் அமெரிக்கர்கள். அறிக்கை எழுதியவர்களும் அவர்களே. வியட்நாம் முன்னாள் படைவீரர்களின் அமெரிக்கச் சங்கம் 1994 முதல் தன் உறுப்பினர்களிடம் இந்தத் தகவலைத் திரட்டி ஹனோய்க்குக் கொடுத்துவருகிறது. 2017 ஏப்ரலில், 1968இல் வியட்நாமியப் புத்தாண்டையொட்டி நடந்த டெட் தாக்குதலில் பியன் ஹோவா விமானதளத்தில் இறந்த வியட்நாமிய வீரர்களின் கூட்டுக் கல்லறை கிடைத்ததும் அமெரிக்க முன்னாள் படையினர் தந்த குறிப்புகளால்தான்.

இந்தக் குறிப்புகளில் நேரும் தவறுகளும் குறிப்பிட்டுச் சொல்லத்தக்கவை. படை அறிக்கையில் ஆறு இலக்க ஆயத்தொலை (வரைபடத்தில் இடத்தைக் காட்டும் எண்) இருந்தால் அது காட்டுவது நூறு மீட்டர்க்கு நூறு மீட்டர் சதுரம். எட்டு இலக்கமானால் பத்து மீட்டர். அந்தக் காலத்து 1:50,000 வரைபடங்கள் ‘இந்தியன் 1960’ என்ற அளவை அடிப்படையில் வரையப்பட்டவை. அதே எண்ணை இன்றைய ஜிபிஎஸ் கருவியில் மாற்றாமல் போட்டால் சில நூறு மீட்டர் தள்ளிப்போகும். சரியான நினைவும் சரியான ஆவணமும் இருந்தும், வெறும் வயலைத் தோண்டிவிட்டு ஏமாந்து திரும்ப இது ஒன்றே போதும். அதோடு ஓடுபாதை நீண்டிருக்கும், ஓடை திசைமாறியிருக்கும், வெட்டவெளி ரப்பர் தோட்டமாகியிருக்கும். அப்போது எடுத்த சொந்தப் புகைப்படம், அதில் பின்னால் தெரியும் நீர்த்தொட்டியோ காவல்கோபுரமோ, வரைபடத்தைவிட நம்பகமான சாட்சி.

நேரில் சந்திக்கும்போது

பொருளும் தகவலும் போய்ச்சேர்ந்த பிறகு வருவதே சந்திப்பு. முதலில் இடறுவது போரின் பெயரில். அமெரிக்கர் ‘வியட்நாம் போர்’ என்பதை வியட்நாமியர் ‘அமெரிக்காவுக்கு எதிரான எதிர்ப்புப் போர்’ என்கிறார்கள். ஆஸ்திரேலியரின் கலிபோலி, துருக்கியருக்குச் சானக்கலே. ஊரையும் தேதியையும் மட்டும் சொல்லித் தொடங்கினால் இந்தச் சிக்கல் எழாது. அடுத்தது மன்னிப்புச் சொல். ஜப்பானிய மொழியில் ‘இகான்’ என்றால் வருந்தத்தக்கது, பொறுப்பேற்பு அதில் இல்லை. ‘ஹான்செய்’ தன்னைத் தானே ஆராய்ந்து வருந்துவது. ‘ஓவாபி’தான் மன்னிப்புக் கேட்பது. 1995 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் முராயமா கடைசி இரண்டையும் சொன்னார். மூன்றையும் ஒரே சொல்லாக மொழிபெயர்த்துவிட்டால் ஒரு பக்கம் மன்னிப்புக் கேட்டதாக நினைக்கும், மறுபக்கம் கேட்கவே இல்லை என்று கொதிக்கும்.

மன்னிக்க மறுப்பதும் ஒரு நேர்மையான நிலைதான். 1998 மே மாதம் பேரரசர் அகிஹிதோ லண்டன் வந்தபோது, பழைய போர்க்கைதிகள் அவரது ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அவர்களைக் குறுகிய மனத்தவர் என்பவர்கள் அந்த முகாம்களை அறியாதவர்கள். நாகாசேயின் அறையில் விசாரிக்கப்பட்ட ஸ்காட்லாந்து அதிகாரி எரிக் லோமாக்ஸும் நீண்ட காலம் அதே வெறுப்பில் வாழ்ந்தவர். 1993இல் காஞ்சனபுரியில் இருவரும் சந்தித்தார்கள். பிறகு லோமாக்ஸ் ஜப்பான் போய், மன்னித்துவிட்டேன் என்று எழுதிய கடிதத்தை அவரிடம் கொடுத்தார். சித்திரவதைக்கும் கடிதத்துக்கும் நடுவே ஐம்பது ஆண்டு. அதில் நாகாசே செலவிட்டது வெறும் வருத்தத்தில் அல்ல, கல்லறைகளிடையே. கையில் காட்ட வேலை இருந்த ஒருவரோடு பேசுவது லோமாக்ஸுக்கு முடிந்தது.

அந்த ரயில்பாதைக்கே திரும்பவேண்டும், அங்கே ஒரு கணக்கு மீதமிருக்கிறது. 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த போர்க்கைதிகள் சுமார் 13,000. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்பது கல்லறை ஆணையம் தரும் மதிப்பீடு. கைதிகளின் கல்லறைகள் காஞ்சனபுரி, சுங்காய், தான்பியூசயாத் என்ற மூன்று மயானங்களில் பெயரோடு இருக்கின்றன. பெரும்பாலும் காலராவில் இறந்து நீகே முகாமில் எரிக்கப்பட்ட சுமார் 300 பேரின் சாம்பல் இரண்டே குழிகளில் இருந்தாலும், பெயர்கள் பலகையில் தனித்தனியே உள்ளன. கைதிகளுக்கு அணிவகுப்பு இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். ஒளித்து எழுதிய பட்டியலைக் குப்பியில் அடைத்துப் புதைத்துவைக்க ஆள் இருந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழருக்கு இதில் ஒன்றும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். 1945இல் கல்லறை தேடிய குழு அவர்களைத் தேடிப் போகவில்லை. அது குழுவுக்கு இட்ட வேலையும் அல்ல.

சயாம் மரண ரயிலில் போன தாத்தாவின் பெயரைத் தேடும் குடும்பங்கள் மலேசியாவில் இன்னும் இருக்கின்றன. ரயில்பாதைப் பக்கம் தேடிப் பலன் குறைவு; தேடவேண்டியது கிளம்பிய இடத்தில். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எந்த மாதம் லாரி வந்தது, கூடப் போனவர் யார், திரும்பியவர் யார் என்று முதலில் வயதானவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்யவேண்டும். தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) கிடைத்தால் அதில் பெயர் திடீரென நின்றுபோகும் மாதம் ஒரு சான்று. ஆனால் தோட்டங்கள் கைமாறின, பல துண்டாடப்பட்டன, ஏடுகள் கறையானுக்குப் போயின. கிடைத்த ஏட்டிலும் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஒரே முனியாண்டி நாலு பக்கத்தில் நாலு விதமாக இருப்பார். ராமசாமிகள் பத்துப் பேர் இருந்தால் தகப்பன் பெயர்தான் பிரித்துக்காட்டும், அந்தக் கட்டம் பெரும்பாலும் காலி. எனவே வாய்மொழியில் கிடைக்கும் பட்டப்பெயரையும் விடாமல் குறிக்கவேண்டும்: நெட்டையன், மேளக்காரர் மகன், மூணாம் லயத்துக்காரர். பட்டியலை எழுதும்போது தமிழ்ப் பெயரைத் தமிழிலும், செக்ரோலில் உள்ள எழுத்துக்கூட்டலை உள்ளபடியே பக்கத்திலும், தகப்பன் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டத்திலும் இடவேண்டும். தெரியாத கட்டத்தை ஊகித்து நிரப்பக்கூடாது. அங்கே ‘இன்னும் தெரியவில்லை’ என்று எழுதிவைக்கலாம்.